மண்ணெண்ணெயில் கழுவிய பிறேக்

சண்டிலிப்பாயில் வாடகைக் கார் ஓடுகிறேன். போர்த் தடையால் பெற்றோல் வருவதில்லை; கார் மண்ணெண்ணெயில்தான் ஓடுகிறது. பின் சில்லுகளின் பிறேக் லைனிங் தேய்ந்தது. புதிது கிடைக்கவில்லை. உடைந்த லொறி ஒன்றின் லைனிங்கை வெட்டி நானே பொருத்தினேன். தூசு போகட்டும் என்று, பக்கத்தில் இருந்த மண்ணெண்ணெயில் அதைக் கழுவியதுதான் பிழை.

அன்றே அயல்வீட்டுப் பெண்ணைப் பிரசவத்துக்கு ஏற்றிப் போனேன். சந்தியில் மாட்டு வண்டில் குறுக்கே வந்தது. மிதித்தேன், எண்ணெய் குடித்த லைனிங் வழுக்கியது; முன் பிறேக் மட்டும் காரை நிறுத்தப் போதவில்லை. கைப்பிறேக்குக்கும் அதே லைனிங்தான். தென்னோலைக் கிடுகு வேலி ஒன்றுக்குள் காரை விட்டேன். ஒருவருக்கும் காயமில்லை.

வேலிக்காரர் ஓடி வந்தார். "உந்தக் காரிலை இனிக் கோழியை அடையும்!"

"கோழிக்கு வேறை கூடு பாரும். இது ஓடும்" என்றேன்.

பின்னால் இருந்து அவள் கத்தினாள்: "அண்ணை, கதைச்சது காணும். காரை எடுங்கோ!"

முதல் கியரிலேயே உருட்டி ஆஸ்பத்திரி சேர்த்தேன். பெண் குழந்தை.

இப்போது லைனிங்கைச் சவுக்காரத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்துத்தான் பூட்டுகிறேன். வெறும் காரை வீட்டுக்கு முன் உள்ள சின்ன ஒழுங்கையில் ஓட்டி, பத்துத் தரம் மிதித்துப் பார்த்த பிறகே ஆள் ஏற்றுகிறேன். கார் ஓடுகிறது. தாயையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அதே கார்தான்.