இருபது சிறியது, பன்னிரண்டு பெரியது

என் முதலாளி தோஹா தொழில்பேட்டையில் இருபது வருடமாக தகட்டில் ஏசி டக்ட், அதாவது குளிர்காற்றுக் குழாய், செய்யும் ஒர்க்‌ஷாப் நடத்துகிறார். தகட்டின் கனத்தைச் சொல்லும் கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலியும் என்பது போன வருடம் வரை அவருக்குத் தெரியாது. இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளத்தான் சம்பளம் கொடுத்து என்னை ஸ்டோர்கீப்பராக வைத்திருக்கிறார். முதலாளியை நாங்கள் அர்பாப் என்போம். "பெரிய டக்டுக்கு நல்ல கனமாக இருபத்தாறு போடு" என்பார் அர்பாப். "சரி அர்பாப்" என்று சொல்லிவிட்டு நான் பதினெட்டுக்கு ஆர்டர் போடுவேன். டக்ட் தொங்கியது, குளிர்காற்று வந்தது, எட்டு வருடம் இப்படியே ஓடியது.

போன வருடம் அவருக்கு மான் வேட்டை ஆசை வந்தது. தோஹாவிலேயே இருக்கும் அவருடைய நண்பர் ஒருவர் தன்னோடு அமெரிக்காவுக்கு வரும்படி கூப்பிட்டிருந்தார். அங்கே அந்த ஊரில் மானை ரைஃபிளால் சுடக்கூடாதாம். ஷாட்கன்தான் வேண்டுமாம். அதிலும் சின்னச் சின்ன ரவை போட்டுச் சுடக்கூடாது, ஸ்லக் என்கிற ஒற்றை ஈயக்குண்டு போட வேண்டுமாம். இவ்வளவும் எனக்கு ஏன் தெரிய வேண்டும் என்றால், ஒருநாள் அர்பாப் ஸ்டோருக்குள் வந்து நின்றார். தகடுகளின் மேல் நான் சாக்பீஸால் எழுதியிருந்த கேஜ் எண்களைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"பந்தூக்குக்கும் கேஜ் உண்டு, தெரியுமா?" என்று தன் வளைகுடா இந்தியில் கேட்டார். "பன்னிரண்டு கேஜா, இருபது கேஜா? மானுக்கு எது நல்லது? நீ தினமும் கேஜ் பார்க்கிறவன். நீயே சொல்லு."

நான் துப்பாக்கியைப் பார்த்தது பேங்க் வாசலில் நிற்கும் வாட்ச்மேன் தோளில். மானைப் பார்த்தது வண்டலூரில், கம்பிக்கு அந்தப் பக்கம். இந்தத் தகுதிகளை நான் எடுத்துச் சொல்லவில்லை. காரணம், அவர் மேஜையில் என் லீவ் ஃபார்ம் கிடந்தது.

புதுக்கோட்டையில் என் மனைவிக்குத் தலைப்பிரசவம். டாக்டர் சொன்ன தேதிக்கு மூன்று நாள் முன்னால், சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டிருந்தேன். ஆறு வருடம் கோயில் கோயிலாக வேண்டி, அதைவிட அதிகமாக ஆஸ்பத்திரிகளில் காத்திருந்து உண்டான பிள்ளை. பிரசவ அறை வாசலில் நான் நிற்பேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். எங்கள் பாஸ்போர்ட் எல்லாம் ஆபீஸ் அலமாரியில் இருக்கும். ஃபார்மில் அர்பாப் கையெழுத்து விழுந்தால்தான் அக்கவுண்டன்ட் அலமாரியைத் திறப்பார். சட்டம் வேறு என்னவோ சொல்கிறது என்பார்கள். சட்டத்துக்கு எங்கள் அலமாரியின் சாவி எங்கே இருக்கிறது என்று தெரியாது.

"முதலில் பந்தூக். அப்புறம் லீவ்" என்றார் அர்பாப்.

அந்த வாரம் முழுக்க டூட்டி முடிந்து ரூமுக்கு வந்ததும் மொபைலில் மான் வேட்டை படித்தேன். ரூமில் என் கட்டிலுக்கு மேல்கட்டிலில் படுக்கும் திருநெல்வேலிக்காரர், எங்கள் தகடு வெட்டுபவர், எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, பொண்டாட்டி மாசமா இருக்கா, நீரு மான் சுடப் போறீரோ?"

"லீவ் வாங்கப் போறேன்" என்றேன்.

படிக்கப் படிக்க எனக்கே சுவை தட்டிவிட்டது. அது இறைச்சியின் சுவை அல்ல, கணக்கின் சுவை. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாகப் பிடித்தால், ஓர் உருண்டை நுழையும் குழாய் பன்னிரண்டு கேஜ். அதே ஈயத்தை இருபதாகப் பிடித்தால் இருபது கேஜ். ஒரே மாவில் இருபது கொழுக்கட்டை பிடித்தால் கொழுக்கட்டை சிறுக்கத்தானே செய்யும்? ஆக, துப்பாக்கியிலும் எண் கூடினால் பொருள் சிறிது. ஸ்டோரில் நான் எட்டு வருடம் காத்து வந்த தர்மம் உலகம் முழுக்கச் செல்லுபடியாகிறது என்று கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

விடையும் தெளிவாக இருந்தது. பன்னிரண்டு மானையும் பலமாக அடிக்கும், சுடுகிறவன் தோளையும் பலமாக அடிக்கும். இருபதில் உதை குறைவு. உள்ளே புரி போட்ட குழலும் அதற்குத் தோதான ஸ்லக்கும் இருந்தால் நூறு கஜத்துக்குள் நிற்கிற மானுக்கு அது தாராளம். எங்கள் அர்பாப் முந்தின வருடம்தான் மணல்மேட்டில் பைக் ஓட்டி விழுந்து, வலது தோளில் ஆபரேஷன் செய்துகொண்டவர். மானைக் கேட்டாலும் இருபது என்றுதான் சொல்லியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஆபீசுக்குப் போய் "இருபது" என்றேன்.

அர்பாப் முகம் மலர்ந்தது. "என் நண்பனிடம் பன்னிரண்டு இருக்கிறது. எனக்கு இருபது" என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, "பீஸ் படா, பாரா சோட்டா" என்றார். இருபது பெரிது, பன்னிரண்டு சிறிது. தகடு விஷயத்தில் எட்டு வருடமாக நான் கேட்டு வந்த அதே பாட்டு. பேனாவைத் திறந்து என் ஃபார்மைக் கிட்டே இழுத்தார். பேனா முனை காகிதத்தைத் தொட்டது.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். எட்டு வருடம் வாயை மூடியிருந்தவன், மூடியே தீர வேண்டிய அந்த ஒரு நிமிடத்தில் திறந்தேன். ஏன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். சந்தோஷம்தான் காரணம். ஊருக்குப் போகிறோம், அப்பா ஆகப் போகிறோம் என்ற நிறைவில், இந்த மனிதருக்கும் ஒரு நல்லது சொல்லிவிட்டுப் போவோமே என்று தோன்றிவிட்டது.

"இல்லை அர்பாப். இருபது சின்னது, பன்னிரண்டுதான் பெரியது. நம்ம தகடு மாதிரியே."

பேனா நின்றது.

"அப்படியென்றால் அவனுடையது பெரியதா?"

"ஆமாம் அர்பாப். ஆனால் உங்கள் தோளுக்கு..."

"என் தோளுக்கு என்ன?"

அவர் தோளுக்கு என்ன என்பது கம்பெனியில் அத்தனை பேருக்கும் தெரியும். அவரிடம் மட்டும்தான் அதை யாரும் சொல்லக்கூடாது. பேனா மூடிக்கொண்டு சட்டைப்பைக்குப் போனது. "வியாழக்கிழமை நண்பனுடைய பன்னிரண்டைச் சுட்டுப் பார்க்கிறேன். வந்து கையெழுத்துப் போடுகிறேன். கலாஸ்" என்றார். கலாஸ் என்றால் பேச்சு முடிந்தது.

வியாழக்கிழமை சுட்டார். முதல் நான்கு ஸ்லக்கும் எங்கே போயின என்று தெரியவில்லை. ஐந்தாவதில் தோள்மூட்டு இடம்பெயர்ந்தது. அன்றே மறுபடி ஆபரேஷன். போன் அணைந்து கிடந்தது. அவருடைய தம்பி யாரையும் வார்டுக்குள் விடவில்லை.

வெள்ளிக்கிழமை அக்கவுண்டன்ட் அறைக்குப் போய்க் கெஞ்சினேன். மலையாளி, நல்ல மனிதர். அலமாரிச் சாவி அவர் மேஜையிலேயே கிடந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே பேசினோம். "சைன் இல்லாம பாஸ்போர்ட் எடுத்தா என் ஜோலி போயிடும், பாய்" என்றார். பொய்யில்லை, போயிருக்கும். சனிக்கிழமை விமானம் நான் இல்லாமல் சரியான நேரத்துக்குக் கிளம்பியது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஸ்டோரில் தகடு எண்ணிக்கொண்டிருந்தபோது மைத்துனன் வீடியோ காலில் வந்து ஒரு துணி மூட்டையைக் காட்டினான். பெண் குழந்தை. சிக்னல் விட்டு விட்டு வந்ததால் என் மகளின் முகம் பாதி வரை தெரிந்து அப்படியே நின்றது. நான் தகட்டு அடுக்கின் பின்னால் போய் நின்று அழுதேன்.

புதன்கிழமை வார்டுக்குள் விட்டார்கள். அர்பாப் வலது கையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். குழந்தை பிறந்ததைச் சொன்னதும் மனதார மாஷா அல்லாஹ் சொன்னார். இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்திட்டார். பிறகு என்னைப் பார்த்து வருத்தத்தோடு சொன்னார்: "டாக்டரும் இருபதுதான் என் தோளுக்குச் சரி என்கிறார். நீ அன்றைக்கு இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, என் மேல்தான் என்று சொன்னால் அது பொய். "சரி அர்பாப்" என்றேன்.

நான் வீட்டு வாசலில் போய் இறங்கியபோது மகளுக்கு நான்கு நாள். என் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை. நான் குளித்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"கையெழுத்துப் போட வந்த மனுசன் பேனாவ மூடுற அளவுக்கு அப்புடி என்னங்க சொன்னீங்க?"

"இருபது சின்னது, பன்னண்டுதான் பெருசுன்னு சொன்னேன்."

அவள் குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள்.

"எனக்கு வலி எடுத்து இருபது மணி நேரம் கெடந்தேன்" என்றாள். "அது சின்னதா?"