பாதியில் மறந்த செபம்

சாவகச்சேரிச் சந்தையில் என் மிளகாய் வியாபாரம் நன்றாக ஓடிய காலம் அது. லொறி வாங்கினேன், மேல்வீடு கட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி மட்டும்தான் மாதா கோயிலுக்குப் போவாள்.

“இண்டைக்காவது வாங்கோவன்” என்பாள்.

“நீர் போயிட்டு வாரும். எனக்கு வேலை கிடக்கு” என்பேன்.

அவள் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. கொழும்பில் பெரிய டாக்குத்தரிடம் காட்டலாமென்று கார் பிடித்துக்கொண்டு அவள் கிடந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவள் சம்மதிக்கவில்லை.

“வேண்டாமப்பா. ஆண்டவர் எனக்கு ஒரு குறையும் வைக்கேல்லை. பயமுமில்லை. பக்கத்திலை இருந்து என்னோடை செபம் சொல்லுங்கோ, அது காணும்.”

தொடங்கினேன். நான்காவது வரியில் நின்றுவிட்டேன். சிறுவயதில் தினமும் சொன்ன செபம். எவ்வளவு முயன்றும் வாயில் வரவில்லை. வெட்கத்தில் தலை குனிந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, மீதியை ஒவ்வொரு சொல்லாகச் சொல்லித் தந்தாள். வலியிலும் அந்த முகம் நிறைந்திருந்தது. அப்படியொரு நிறைவு என் முகத்தில் ஒருநாளும் இருந்ததில்லை.

அடுத்த கிழமை அவள் போய்விட்டாள்.

இப்போது ஞாயிறுதோறும் கோயிலின் பின்வரிசையில் தனியே முழந்தாளிடுகிறேன். செபம் முழுவதும் வருகிறது. அவளுக்கு இருந்த மனம்தான் இன்னும் வரவில்லை. அதை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.