துணைத் தலைவர் இல்லாத மூன்று வெள்ளிக்கிழமைகள்

பஹ்ரைனில், குதைபியாவில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது எங்கள் தமிழர் மன்றம். நான் அதன் செயலாளர். வாரம் முழுக்க ஏசி மெக்கானிக், வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் சட்ட நிபுணர். மன்றத்தின் விதிகளை எழுதியவன் நான் என்பதால் அந்தத் திமிர் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

தலைவர், துணைத் தலைவர் தவிர செயற்குழுவில் பன்னிரண்டு பேர். தலைவர் பொங்கல் விழா மேடைக்கு மட்டும் வரும் பெரிய மனிதர். அதனால் கூட்டம் நடத்துவது துணைத் தலைவர். இரு பக்கமும் சமமாக வந்தால் மட்டும் அவருக்கு ஓட்டு உண்டு. நாங்களோ எப்போதும் ஆறுக்கு ஆறு. லேபர் கேம்ப் ஆட்களின் கஷ்டத்துக்கு மன்றம் போய் நிற்க வேண்டும் என்று ஆறு பேர். நான் அந்தக் கட்சி. விசா கொடுத்த அரபி முதலாளியோடு, கஃபீலோடு, மோதினால் மன்றத்தின் லைசென்ஸ் போய்விடும், விழாவும் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பும் போதும் என்று மற்ற ஆறு பேர். துணைத் தலைவர் பெரும்பாலும் எங்கள் பக்கம் சாய்வார். மன்றம் ஓடியது அவருடைய அந்த ஒரு கையால்தான்.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, ஒரு நாள் அவருடைய கம்பெனி அவரைச் சவுதியில் தம்மாமுக்கு மாற்றிவிட்டது. திங்கட்கிழமை செய்தி, வியாழக்கிழமை ஆள் இல்லை. போனில் பிடித்தேன்.

“பாலத்தத் தாண்டி வந்து கை தூக்கிட்டுப் போங்கண்ணே.”

“தீவுல குடியிருக்கிறவன்தான் பதவியில இருக்கலாம்னு எழுதுனது யாரு? நீதானப்பா.”

மறுநாளே மன்றத்துக்கு ஒரு தம்பி வந்தான். புதுக்கோட்டைப் பக்கம், கம்பி கட்டும் வேலை. ஊரில் அப்பாவுக்கு இரண்டு கிட்னியும் போய் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பாஸ்போர்ட் கஃபீலிடம். லீவுக்கு இன்னும் எட்டு மாதம். மன்றத்தின் கடிதத்தோடு இரண்டு பேர் போய்ப் பேசினால் கஃபீல் இறங்கி வருவார். முன்பு இருவருக்கு அப்படி லீவு வாங்கிக் கொடுத்திருந்தோம்.

“ஒருக்கா பாத்துட்டு வந்துட்டாப் போதும்ணே. என்னயத்தான் கேக்குறாராம்” என்றான்.

கடிதம் கொடுப்பதை ஓட்டுக்கு விட்டோம். ஆறுக்கு ஆறு. சமம் என்றால் தோல்வி. சரி, முதலில் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்போம் என்றேன். எங்கள் ஆளுக்கு ஆறு, அவர்கள் ஆளுக்கு ஆறு. சமத்தை உடைக்க ஆள் வேண்டும். அந்த ஆளைப் போடுவதற்கே சமம் உடைய வேண்டும். நான் எழுதிய விதி என்னைப் பார்த்துச் சிரித்தது.

அந்த வாரம் எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. மொட்டை மாடியில் கம்ப்ரசரைப் பிரித்துப் போட்டுவிட்டு மனசுக்குள் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் வயரை மாற்றிக் கொடுத்து பியூஸ் போனது. அந்த ஆறு பேருக்கும் மாறி மாறிப் போன் போட்டேன். டூட்டி முடிந்து தம்பி தினமும் கூப்பிடுவான், “என்னண்ணே ஆச்சு?” என்று. நாலாவது நாள் அவன் நம்பரைப் பார்த்ததும் எடுக்காமல் விட்டேன்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை, கூட்டத்துக்கு முன்னால், எதிர்க்கட்சியில் இருந்த பொருளாளர் என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போனார்.

“எங்க ஆளத் துணைத் தலைவராக்க நீங்க ஒருத்தர் கை தூக்குங்க. அந்தப் பையன் லெட்டருக்கு நானே கை தூக்குறேன். இன்னிக்கே முடிச்சுரலாம்.”

ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதையாகிவிடும் என்று எனக்குப் பட்டது. இன்றைக்கு ஒரு கடிதம் கிடைக்கும், அப்புறம் வருகிற ஒவ்வொருவனுக்கும் அவர்கள் வாசலில் நிற்க வேண்டும். முடியாது என்றேன். கொள்கை என்று வேறு சொன்னேன்.

எங்கள் ஆறு பேரில் ஒருவர் நாகர்கோவில் நர்ஸ். அவர் என்னைப் படியிலேயே பிடித்தார். “கிட்னி கேசு எத்தன நாளு தாங்கும்னு நெனைக்கிய? பதவிய அவங்களுக்கே குடுத்துத் தொலையும்.” நான் கேட்கவில்லை. அன்றைக்கும் ஆறுக்கு ஆறு.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அவர்களில் ஒருவர் லீவில் ஊருக்குப் போயிருந்தார். ஆறுக்கு ஐந்து. எங்கள் ஆள் துணைத் தலைவர். ஜெயித்துவிட்டேன் என்று உடம்பெல்லாம் சூடாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அடுத்த பொருள், கடிதம் என்று வாசிக்க எழுந்தபோது தம்பி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். தலை மொட்டை.

“செவ்வாக்கெழம போயிட்டாருண்ணே. ஊருல என் தம்பிதான் கொள்ளி வச்சான்.”

புதுத் துணைத் தலைவர் இரங்கல் தீர்மானம் கொண்டுவந்தார். இருந்த அத்தனை கைகளும் ஒன்றாக மேலே போயின. பொருளாளரின் கையும். அப்படியொன்றை அந்த மன்றத்தில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவன் என் மேஜைக்கு வந்தான். கோபம் ஒன்றும் இல்லை.

“இப்பத் தீர்மானம் போட்டீங்கள்ல, அத ஒரு பேப்பர்ல எழுதி சீல் வச்சுக் குடுங்கண்ணே. காரியத்துக்காவது விடுறானான்னு பாக்குறேன்.”

நாலு வரி எழுதினேன். பையிலிருந்து மன்றத்தின் சீலை எடுத்துக் குத்தினேன். மூன்று வாரமும் அது என் பையில்தான் இருந்தது. கடிதத்தோடு கூடப் போகிறோம் என்று நானும் நர்ஸும் சொன்னோம்; வேண்டாம் என்றுவிட்டான்.

சனிக்கிழமை காலையில் கஃபீல் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தாராம்.