ஜியாவுல்லா வாங்கிய கைமாற்று

என் எண்ணெய் மில்லுக்கு டின் செய்து கொடுத்தவர் ஜியாவுல்லா பாய். தேரடித் தெருவில் அவருடைய தகரக்கடை. எண்ணெய் டின், மண்ணெண்ணெய்ப் புனல், படி, உழக்கு, கார்த்திகை வந்தால் தீபத்துக்கு நெய் கொண்டுபோகிறவர்களுக்கு மூடி போட்ட தூக்கு, எல்லாம் அவர் கைவேலை. அவர் பற்றவைத்த டின்னில் எண்ணெய் கசிந்தது என்று எனக்கு ஒரு புகார் வந்தது கிடையாது. மற்ற மில்காரர்களுக்கு வந்திருக்கிறது. அவர்கள் டின்னில் காசு மிச்சம் பிடித்தார்கள். நான் பிடிக்கவில்லை. அவர்கள் மில் எல்லாம் மூடிக் கிடக்கிறது, என்னுடையது ஓடுகிறது.

என்னைப் பற்றி ஊருக்குத் தெரியும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ரயில்வே ஸ்டேஷனில் மூட்டை தூக்கினேன். அப்புறம் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் கழனி கழனியாக நடந்து மல்லாட்டை வாங்கி விற்றேன். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் அதுதான். ஒரு பிடி மல்லாட்டையைக் கையில் அள்ளினால் எத்தனை எண்ணெய் தரும் என்று சொல்லிவிடுவேன், இன்றைக்கும். யாரும் என்னைக் கைதூக்கி விட்டதில்லை. இந்த ஊரில் என்னைவிட வீம்புக்காரர் ஒருவர் உண்டு என்று நான் ஒப்புக்கொள்வதென்றால் அது ஜியாவுல்லா ஒருவரைத்தான்.

அவருடைய வீம்புக்குக் காரணம் இருந்தது. அவர் அப்பா வட்டிக்குக் கடன் வாங்கி, வட்டி கட்ட முடியாமல், குடியிருந்த வீட்டை விட்டுக் கொடுத்துவிட்டுச் செத்தார். மார்க்கத்தில் வட்டி கூடாது என்பது எல்லா முஸ்லிம்களுக்கும் தெரிந்ததுதான். இவருக்கு அது முதுகில் பட்ட அடியாகவும் தெரியும். வாடகைக் கடையில் தகரம் வெட்ட ஆரம்பித்து, மத்தலாங்குளத் தெருவில் சின்னதாக ஒரு வீடு வாங்கும்வரை அவர் யாரிடமும் கடன் வாங்கவில்லை. இனாமும் வாங்கவில்லை. ரம்ஜான் மாதத்தில் கடையில் இருக்கும் தகரம், ஈயம், கையிருப்பு எல்லாவற்றையும் கணக்குப் போட்டு அதில் ஏழைகளுக்குச் சேரவேண்டிய பங்கை, ஜகாத் என்பார்கள், எடுத்துக் கொடுத்துவிடுவார். தொகை சின்னதுதான். ஆனாலும் கொடுக்கிற வரிசையில் நிற்கிறவர் அவர்.

அவருக்கு ஒரே மகன் ரியாசுதீன். கணக்கில் புலி. வேலூரில் பி.யு.சி. படித்தான். அறுபத்து நாலாம் வருஷம் சென்னையில் என்ஜினீயரிங் காலேஜில் அவனுக்கு இடம் கிடைத்துக் கார்டு வந்தது. ஜூலை பிறந்ததும் பணம் கட்டிச் சேர வேண்டும். சேராவிட்டால் இடம் அடுத்தவனுக்குப் போய்விடும்.

சேருவதற்கான பணம் பாயிடம் இருந்தது. அதற்குப் பிறகு ஐந்து வருஷம் ஹாஸ்டலும் சாப்பாடும் புத்தகமும் இருக்கிறதே, அதற்குத்தான் வழியில்லை. முடிக்க முடியாததைத் தொடங்கக் கூடாது என்பது அவர் கட்சி. மகனை ஈயம் உருக்க உட்கார வைத்துவிட்டார்.

எனக்குத் தெரிந்ததும் கடைக்கே போனேன். நான் யார் கடைக்கும் போகிறவன் இல்லை, எல்லாரும் என் மில்லுக்கு வருவார்கள்.

"இன்னா பாய், புள்ளைய ஊதுலையில உக்கார வெச்சுட்டியாமே. அஞ்சு வருஷமும் நான் கட்டறேன். அனுப்பு," என்றேன்.

"நீ கட்டினா அவன் உன்னப் பாத்தா எழுந்து நிக்கணும். என்னப் பாத்து எழுந்து நின்னா போதும்."

"அப்ப கடனா வெச்சுக்கோ."

"எங்க வீட்ல கடன் வெச்சு ஒரு வீடு போனது போதும், மகாராஜா."

என் பெயர் சக்கரவர்த்தி. கோபம் வந்தால் அவர் என்னை மகாராஜா என்பார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

வேலூர்ப் பக்கத்துத் தோல் வியாபாரிகள் நடத்தும் ஒரு நிதியிலிருந்து ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு கொடுக்கிறார்கள் என்று பள்ளிவாசலில் சிலர் சொன்னார்கள். அது ஜகாத் பணம் என்று தெரிந்ததும் அதையும் வேண்டாம் என்றார். "நான் ஜகாத் குடுக்கிறவன். வருஷா வருஷம் குடுத்துட்டு, அந்தப் பணத்தையே போயி வாங்கினா ஹராம் இல்லியா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இருந்தும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர் சாம்பமூர்த்தி சார் என் மில்லுக்கு வந்தார். ரியாசுதீன் அவரிடம் படித்தவன். இந்த மாதிரி நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்காக டில்லி சர்க்கார் புதிதாக ஒரு திட்டம் போட்டிருக்கிறது, படித்து முடித்து வேலைக்குப் போனபிறகு தவணையில் திருப்பினால் போதும், வட்டி கிடையாது என்றார். வட்டி கிடையாது என்று அவர் சொன்னது என் காதில் நன்றாக விழுந்தது. வியாபாரிக்கு அந்த வார்த்தை தப்பாது. சாரை என் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு ஜியாவுல்லா வீட்டுக்குப் போனேன்.

சார் காகிதத்தை விரித்து முதல் வரியைப் படித்தார். "கடன் உபகாரச் சம்பளம்."

அவ்வளவுதான். அதற்குமேல் அவரைப் படிக்க விடவில்லை ஜியாவுல்லா. எங்கள் காலத்தில் ஸ்காலர்ஷிப்புக்குத் தமிழில் உபகாரச் சம்பளம் என்றுதான் பெயர்.

"உபகாரமா? எனக்கு எதுக்கு சார் உபகாரம்?"

"அது வெறும் பேருதான் பாய். திருப்பித் தரப்போறேளே, இது கடன்."

"கடனா? கடன்னா வட்டி."

"இதுல வட்டி இல்லைன்னு சொல்றேனே. கேளுங்கோ."

"வட்டி இல்லேன்னா அப்ப உபகாரம்தானே சார்?"

சார் இந்தப் பக்கம் இழுத்தால் அவர் அந்தப் பக்கம் போனார், அந்தப் பக்கம் மறித்தால் இந்தப் பக்கம் வந்தார். பாவம், சார் பி.ஏ., எல்.டி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் என் குரலில் நாலு வார்த்தை சொன்னேன். அதுவும் எடுபடவில்லை. சுவரோரம் நின்ற ரியாசுதீன் கை நகத்தில் ஒட்டியிருந்த ஈயத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

உள்ளே திரைக்குப் பின்னால் இருந்து முன்னி பேகம் பேசினார். பாயின் சம்சாரம். நாங்கள் போனால் வெளியே வரமாட்டார், ஆனால் குரல் வரும்.

"அண்ணே, அப்ப இது கைமாத்துதானே?"

"இன்னாம்மா?" என்றேன்.

"பக்கத்து வீட்டு தனத்துகிட்ட ஒரு ஆழாக்கு அரிசி கைமாத்து வாங்குறேன். மறுநாள் ஆழாக்குதான் திருப்பித் தர்றேன். ஒண்ணேகால் ஆழாக்கா கேக்குறா? இனாமாத் தந்தேன்னு சொல்லிக் காட்டுறாளா? இது அந்த மாதிரிதானே?"

ஜியாவுல்லா திரைப்பக்கம் திரும்பினார். "நீ அரிசி வாங்குறியா? தனத்துகிட்ட?"

"வாங்குவேன். அவளும் வாங்குவா. போன வாரம் சர்க்கரை வாங்கினா."

"எவ்ளோ நாளா?"

"கல்யாணம் ஆன நாள்லேந்து. நீங்க அரிசி தீர்ந்ததும் சொல்லி வெச்சா மாதிரி வாங்கியாருவீங்களா?"

சாம்பமூர்த்தி சார் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நான் அடக்கவில்லை. யாரிடமும் எதுவும் வாங்காத மனிதர் அத்தனை வருஷமும் பக்கத்து வீட்டு அரிசியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்கு அது போதும். கடைவீதியில் கைமாற்று இல்லாமல் ஒரு பொழுது விடியாது, அந்த விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "பாய், தங்கச்சி சொல்றதுதான் சரி. கை மாறிப் போற பணம், கை மாறித் திரும்பி வரும். வட்டியும் இல்ல, உபகாரமும் இல்ல. நாங்க சந்தை முடியற வரைக்கும் குடுப்போம். சர்க்காருக்குக் கை பெருசு, அஞ்சு வருஷம் தாங்குது. டில்லிக்காரனுக்குப் பேரு வெக்கத் தெரியல, அதுக்கு நீ உன் புள்ளைய ஊதுலையில உக்கார வெப்பியா?" என்றேன்.

ஜியாவுல்லா காகிதத்தை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு சாரைப் பார்த்து, "கைமாத்துன்னு எழுதித் தருவாங்களா?" என்று கேட்டார்.

"எழுதமாட்டா. ஆனா அதுதான்," என்றார் சார்.

வருமானச் சான்றும் ஜாமீன் பத்திரமும் வேண்டும் என்று தாலுக்கா ஆபீசுக்குப் போனோம். இன்றைக்குப்போல வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் எல்லாம் அப்போது கிடையாது. கலெக்டரைப் பார்க்க வேலூருக்குப் போக வேண்டும். சொத்துள்ளவர் ஒருவர் ஜாமீன் போட வேண்டும் என்றார்கள். என்னைவிடச் சொத்துள்ளவரை எங்கள் ஊரில் எங்கே போய்த் தேடுவது? நான்தான் போனேன்.

குமாஸ்தா பலராமன் எனக்கு நாற்காலி போட்டுவிட்டு பாயைக் கேட்டார். "வருமானம் எவ்ளோ பாய்? கம்மியாவே போட்டுக்கலாம். எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

"எல்லாருமா? அதான் நம்ம தாலுக்காவுல ஏழைங்க ஜாஸ்தியா கீறாங்களா?" என்று சொல்லிவிட்டு, உள்ளதை உள்ளபடி சொன்னார் ஜியாவுல்லா. நல்லவேளை, உள்ளதே கம்மிதான். வரம்புக்குள் அடங்கியது.

பத்திரம் இங்கிலீஷில் இருந்தது. பலராமன் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு இடத்தில், தவணை தவறினால் தவறிய பணத்துக்கு வட்டி என்றார். ஜியாவுல்லா பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டார்.

"தவறினாத்தானே பாய். எல்லாப் பத்திரத்துலயும் இருக்கிற வரி இது," என்றார் பலராமன்.

"உன் மகன் தவறுவானா?" என்றேன் நான்.

"எங்க அப்பாகூட தவறமாட்டேன்னு சொல்லித்தான் கையெழுத்துப் போட்டாரு."

தாசில்தார் கேம்ப் கிளம்பப் போகிறார், சீக்கிரம் முடியுங்கள் என்று பலராமன் அவசரப்படுத்தினார். மறுநாள் வந்தால் ஆகாதா என்றால் ஆகாது. அன்றைக்குக் கையெழுத்து ஆகாவிட்டால் காகிதங்கள் சென்னைக்கு நேரத்தில் போய்ச் சேராது. பாயோ எழுந்தே நின்றுவிட்டார். வாசல்வரை போய்த் திரும்பினார். என் எதிரில் வந்து நின்றார்.

"ஜாமீன் நீதானே?"

"நான்தான்."

"தவணை என்னைக்குன்னு உன் மில் காலண்டர்ல குறிச்சு வெச்சுக்கோ. அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள என் புள்ள பணம் போகலேன்னா நீ கட்டணும். அன்னைக்கே. வட்டின்னு ஒரு காசு அவன் பேர்ல ஏறக்கூடாது. நீ கட்டினத நான் உனக்குத் தந்துடுவேன். ஒத்துக்கிறியா?"

"எனக்கே ஆர்டர் போடுறியா பாய்?"

"போடறேன். ஒத்துக்கிட்டா கையெழுத்து, இல்லேன்னா கடைக்குப் போறேன்."

என்னிடம் எத்தனையோ பேர் கைகட்டி நின்று கேட்டிருக்கிறார்கள். பணத்துக்கு என்னை ஜாமீனாகவும் வைத்து, எனக்கே நிபந்தனையும் போட்டவர் அவர் ஒருவர்தான். "ஒத்துக்கிட்டேன்" என்றேன். உட்கார்ந்து உருதுவில் கையெழுத்துப் போட்டார். கீழே நானும் போட்டேன். என் கையெழுத்தை பாங்க்காரர்கள் எட்ட இருந்தே அடையாளம் சொல்வார்கள்.

ரியாசுதீன் காலேஜில் சேர்ந்தான். பின்னாளில் வேலைக்குப் போய் எல்லாத் தவணையையும் அவனே கட்டினான். காலண்டரில் குறித்து வைத்ததோடு சரி, நான் ஒரு தடவைகூடக் கட்ட வேண்டி வரவில்லை.

ஆனால் முதல் வருஷத்தில் ஒரு சிக்கல். சர்க்கார் பணம் உடனே வரவில்லை. ஐப்பசியில் ஹாஸ்டல்காரர்கள் பாக்கியைக் கட்டச் சொல்லி நெருக்கினார்கள், கட்டாவிட்டால் சாப்பாட்டை நிறுத்துவோம் என்று. ரியாசுதீன் கடிதம் போட்டான். ஜியாவுல்லா அந்தக் கடிதத்தோடு என் மில்லுக்கு வந்தார். வந்தவர் உட்காரவில்லை. என்ஜின் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. என்ஜினை நிறுத்தச் சொன்னேன்.

"ஒரு கைமாத்து வேணும்," என்றார். "சர்க்கார் பணம் வர்ற வரைக்கும்."

எத்தனை என்று கேட்டேன், சொன்னார், எடுத்துக் கொடுத்தேன். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை நான். பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

தீபத்துக்கு முந்தின வாரம் சர்க்கார் பணம் வந்து, பையன் மணியார்டர் அனுப்பிவிட்டான். பாய்க்குக் கடையில் தலைக்குமேல் வேலை, நெய்த் தூக்குக் கேட்டு வாசலில் கூட்டம். அந்தக் கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தார். பணத்தை என் மேஜையில் வைத்தார். நான் எடுத்து அப்படியே பெட்டியில் போடப்போனேன்.

"எண்ணு," என்றார்.

"உன் பணத்தையா? எண்ணணுமா?"

"எண்ணு சக்கரவர்த்தி. எண்ணாம வாங்கினியின்னா நீ எனக்கு உபகாரம் பண்ணதா ஆயிடும்."

ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எண்ணினேன். சரியாக இருக்கிறது என்றேன். சரி என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்.