தங்கச் சுரங்கக் காட்டில் ஒரு வெறுங்கட்டில்

இந்தப் பயணம் என் அண்ணையின் யோசனை. பாரிசின் லா சப்பலில், ரூ லூயி-பிளாங் தெரு உணவகம் ஒன்றில் அவர் சமையல்காரர். வெங்காயம் உரிக்கும்போதும் பக்கத்தில் கைபேசியில் காட்டு விலங்குகள் ஓடிக்கொண்டிருக்கும். தென்னாபிரிக்காவின் வடகிழக்கில், லேய்ட்ஸ்டோர்ப் என்ற பழைய தங்கச் சுரங்க ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் சஃபாரி விடுதியைத் தேடிப் பிடித்தவரும் அவரே.

“யானை வாற இடமடா. கிட்டடியிலை ஒரு பெருக்கமரம், பாவோபாப், நிக்குதாம். அதின்ரை பொந்துக்குள்ளை சுரங்கக்காரர் குடிக்கிற கடை நடத்தினவையாம். செப்டம்பரிலை போவம்” என்றார்.

என்னிடம் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இருப்பதால் விசா தேவையில்லை. அண்ணையிடம் இன்னும் அகதிகளுக்கான பயணப்பத்திரம்தான். அவருக்கு விசா வேண்டும். மலிவாகக் கிடைத்ததென்று முதலில் விமான ரிக்கெற்றை வாங்கிவிட்டு, பிறகு விசாவுக்குக் கொடுத்தோம். புறப்படும் நாள்வரை அது வரவில்லை. ரிக்கெற்றை மாற்றவும் முடியவில்லை. எங்கள் வீட்டுக்குக் கிட்ட, கார்ஜ் லே கொனெஸ் ரயில் நிலையத்தில் என் பெட்டியை மேடைவரை இழுத்து வந்தவர் அவர்தான்.

“நீ போட்டு வா. நான் வராட்டி யானை கோவிக்காது.”

பாரிசிலிருந்து ஜொகனஸ்பேர்க்குக்கு விமானத்தில் ஏறத்தாழ பதினொரு மணி நேரம். அங்கிருந்து வாடகைக் காரில் 430 கிலோமீற்றர். இடப்பக்கம் ஓட்டவேண்டும், பழக ஒரு மணி நேரம் பிடிக்கும். விடுதி, ஒரு காலத்தில் சுரங்க மேலாளர் குடியிருந்த தகரக்கூரை வீடு. இருவருக்கு ஓர் இரவு 160 யூரோ. சாப்பாடும் இரண்டு காட்டுச் சுற்றும் அதற்குள் அடக்கம். அறையில் இரண்டு கட்டில்கள். நான் ஒன்றில் படுத்தேன், மற்றதில் பெட்டியை வைத்தேன்.

ஜீப் ஓட்டியவர் சகானி என்ற அந்த ஊர்ப் பெண். விடியற்குளிருக்கு இரண்டு கம்பளிகள் எடுத்து வைத்திருந்தார்.

“மற்றவர் எங்கே?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“பாரிசில். விசா வரவில்லை.”

அவர் இரண்டு கம்பளிகளையும் என் மடியில் போட்டார்.

முதல் நாள் ஒட்டகச்சிவிங்கிகள் பார்த்தோம். கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருக்கிறார்கள்; ஜீப்பை விட்டு இறங்கிக் கிட்டப் போகாதீர்கள். பெருக்கமரத்தின் பொந்துக்குள்ளும் நின்றேன். வௌவால் நாற்றம்.

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு, பழைய சுரங்கப் பள்ளத்தில் தேங்கிய நீருக்கு யானைக்கூட்டம் வந்தது. குட்டிகளும் இருந்தன. கைபேசிக்கு சிக்னல் கிடைப்பது பக்கத்துக் கழிவுக்கல் மேட்டில் மட்டும் என்று சொல்லி, சகானி ஜீப்பை அதன்மேல் ஏற்றினார். செப்டம்பரில் பாரிசிலும் அதே நேரம். அண்ணையை வீடியோவில் அழைத்தேன்.

“நில்லடா, சோறு வடிக்கிறன்.”

“அண்ணை, யானை! பாருங்கோ!”

கைபேசியைக் கீழே திருப்பிப் பிடித்தேன். “தெரியுதோ?”

“ஓம், ஓம். வடிவாத் தெரியுது. குட்டியும் நிக்குதென்ன?” உணவக அடுக்களையில் நின்றவர்களையும் கூப்பிட்டார். “இஞ்சை ஓடி வாங்கோ!”

இணைப்பு அறுந்தது. “பார்த்தாரா?” என்றார் சகானி. பார்த்தார் என்றேன். என்னைவிட சகானிதான் கூடச் சந்தோஷப்பட்டார்.

திரும்பி வந்த அன்றே உணவகத்துக்குப் போய், யானை எப்படியிருந்தது என்று கேட்டேன். அண்ணை அடுப்பைத் தணித்தார்.

“சாம்பல் நிறமா ஏதோ அசைஞ்சது. அதோடை படம் நிண்டிட்டுது.”

“குட்டி நிக்குதெண்டு சொன்னீங்களே?”

“நீ அவ்வளவு ஆசையாக் கேட்கேக்கை, இல்லையெண்டு எப்பிடிச் சொல்றது?”

பிறகு பயணப்பத்திரத்தைக் கொண்டுவந்து விரித்தார். நான் போன மூன்றாம் நாள் விசா வந்திருக்கிறது. அதற்குள் அவர் தன் லீவைத் திருப்பிக் கொடுத்து வேலைக்கு இறங்கிவிட்டார்.

விடுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தாராளமாகப் போங்கள். விடியலில் திறந்த ஜீப்பில் குளிர் எலும்புக்குள் இறங்கும். தடித்த ஜக்கெற் கொண்டுபோங்கள். உங்களில் ஒருவரிடமாவது அகதிப் பயணப்பத்திரம்தான் என்றால், விசா கைக்கு வந்தபின் ரிக்கெற்றை எடுங்கள். விலை கூடினால் கூடட்டும்.

அண்ணையின் விசா டிசம்பர் முடியும்வரை செல்லும். அதுவரை உணவகத்தில் ஒருவருக்கும் லீவு இல்லை.