நான்கு மூலையிலும் மஞ்சள்

இந்த ஜெர்மன் ஊரின் நர்ஸுக்கு வாழ்த்துச் சொல்லவே தெரியவில்லை. எனக்குள் கருவை வைத்த பதினான்காம் நாள் எடுத்த ரத்தத்தின் முடிவைப் போனில் வாசித்தாள்: கர்ப்ப ஹார்மோன் நூற்றுத் தொண்ணூறு. "டாங்க, டாங்க" என்று அவள் மொழியில் நன்றி சொல்லி அழுதேன். புரியாமல் அழுகிறேன் என்று நினைத்து எண்ணை நிதானமாக இன்னொரு முறை வாசித்தாள். "ஒரு எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நாளை மறுநாள் மீண்டும் ரத்தம் கொடுங்கள்" என்றாள். "அவ வாயில நல்ல வார்த்த ஒண்ணு வருதா பாரு" என்று முகம் சுளித்தார் என் கணவர் செந்தில்.

நல்ல வார்த்தைகளை நான் சிதம்பரத்தில் போதுமான அளவு கேட்டிருக்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன் நீண்ட விடுப்பில் மாமியார் வீட்டில் தங்கி, கடலூரில் இதே சிகிச்சை எடுத்துக்கொண்டேன். முதல் எண் இருநூற்றுப் பத்து. "ரெண்டு நாள் கழிச்சு சிதம்பரத்துலயே ரத்தம் குடுங்க. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆவணும். ரிப்போர்ட்ட அன்னிக்கே எனக்கு அனுப்பிடுங்க" என்றார் டாக்டர். இரண்டாவது எண் இருநூற்று நாற்பத்தெட்டு. அத்தை அந்தத் தாளை வாங்கி, கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவதுபோல நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்தின் கீழ் வைத்துவிட்டார்.

"ஏறியிருக்குல்ல, அப்புறம் என்ன? யாருக்கும் அனுப்பாத செந்திலு, கண்ணு பட்டுடும்."

"டாக்டர் கேப்பாங்களேம்மா?"

"ஏறிடுச்சுன்னு சொல்லு, போதும்."

செந்திலும் டாக்டருக்குப் போன் செய்து அதையே சொன்னார். மறுமுனையில் பேசிய பெண் எவ்வளவு என்று கேட்கவில்லை. கம்பெனியில் அடுத்தவர் கணக்கில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. அன்று கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தாளைக் கும்பிட்டேன். மற்றவர்களைவிட என்மேல்தான் எனக்கு அதிக அருவருப்பு.

நமக்கு எண் என்றால் பரீட்சை மார்க்கு, கூடினால் பாஸ். அந்த ஹார்மோன் தயங்கித் தயங்கி ஏறினால் கரு, கருப்பைக்குப் போகும் குழாயில் ஒட்டியிருக்கலாம். கருப்பைக்குள் வைத்த கருவும் சில நேரம் அங்கே போய்விடுவதுண்டு. அன்றே காட்டியிருந்தால் தொடர்ந்து ரத்தமும் ஸ்கேனும் பார்த்து, ஊசியிலேயே முடித்திருக்கக்கூடும். அதிலிருந்து பத்தாம் நாள் அடிவயிறும் தோளும் சேர்ந்து வலித்தன. "வெறும் வாயுதாம்மா, ஜாஸ்தி அலட்டிக்காத" என்று அத்தை சீரகத் தண்ணீர் கொடுத்தார். கடலூர் போய்ச் சேர்வதற்குள் குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் நிரம்பிவிட்டது. வலது குழாயை எடுத்துவிட்டார்கள். வீடு திரும்பியபோது அந்தத் தாள் சாமி படத்தின் கீழேயே கிடந்தது. "எவ கண்ணு பட்டுச்சோ" என்றார் அத்தை.

நேற்று இரண்டாவது எண் வந்தது: நானூற்றுப் பத்து. "நல்ல ஏற்றம். ஆனாலும் ஸ்கேனில் இடத்தைப் பார்க்க வேண்டும்" என்றாள் நர்ஸ். அவள் போனை வைப்பதற்குள் செந்தில் ஊருக்குச் செய்தி அனுப்பிவிட்டார். உடனே வீடியோவில் அத்தை வந்தார்.

"அஞ்சாம் மாசம் இங்க வந்துடும்மா. நம்ம ஊருல, நம்ம மனுசங்க நாங்க பாத்துக்குறோம்."

செந்தில் போனை என் பக்கம் திருப்பினார்.

"ஒரு குழாய அங்க குடுத்துட்டேன் அத்தே," என்றேன். "மிச்சம் இருக்கறது என்கூட இங்கயே இருக்கட்டும்."