தானே கழுவிக்கொள்ளும் டிரம்

பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறை வெடித்து என் வீட்டுக்காரர் இறந்தபின், இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று முடிவு செய்தேன். ஆமத்தூர்ப் பக்கம் ஓர் அட்டை மில்லில் வேலை கிடைத்தது. அங்கே போடுகிற அட்டையும் பட்டாசுப் பெட்டிக்குத்தான் போகும். பழைய பேப்பரை அரைத்த கூழிலிருந்து வடியும் தண்ணீரை, வலைத்தட்டுகளில் வடிகட்டித் திரும்பவும் ஓட்டுவார்கள். தட்டுகளில் அடைத்த நாரைத் தேய்த்துக் கழுவுவது என் வேலை. எனக்கு அது தோதாக இருந்தது. கை பாட்டுக்கு ஓடும், மனசு ஒன்றும் கேட்காது.

நான் சேர்ந்த எட்டாவது மாதம் தட்டுகளை எடுத்துவிட்டு ஒரு டிரம் ஃபில்டரை வைத்தார்கள். ஆள் உயரத்துக்குப் பொடிக்கண் வலை சுற்றிய உருளை. தொட்டிக்குள் மெல்லச் சுற்றும். மேலே குழாயிலிருந்து தண்ணீர் பீச்சியடித்து வலையைத் தானே கழுவிக்கொள்ளும். மாட்ட வந்த மெக்கானிக் பெருமையாகச் சொன்னார், "இதுக்கு ஆளே வேண்டாம்."

மறுநாள் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, ஆயுத பூசை வரைக்கும் வாங்க. பெறகு வேற எடம் பாத்துக்கோங்க."

எங்கள் ஊரில் வேற எடம் என்றால் பட்டாசு ஆலைதான். அது அவருக்கும் தெரியும். சரி என்று தலையாட்டினேன். பயம் வர வேண்டும், வரவில்லை. அந்த நாட்களில் எனக்கு எதுவுமே வரவில்லை.

பூசையன்று தொட்டியை வடித்துவிட்டு எல்லா மிசினுக்கும் பொட்டு வைத்தார்கள். என்னோடு தட்டு கழுவிய அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள்.

"பொட்டு வைக்கிற எடம், நீ அங்கன தள்ளி நில்லு தாயி" என்றாள்.

நின்றேன். புது மிசின் ஆச்சே என்று உருளையைச் சுற்றிலும் வலைமேலேயே மூன்று விரல் பட்டையாகச் சந்தனத்தை அப்பினாள். நடுவில் குங்குமம். வலையின் கண் அடைத்துக்கொள்ளும் என்று பார்த்ததுமே தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஒதுங்கி நில் என்றவளுக்கு நான் ஏன் சொல்ல வேண்டும்?

ரெண்டு நாள் லீவில் சந்தனம் காய்ந்து இறுகிவிட்டது. கணக்கு முடித்துச் சம்பளம் வாங்க நான் போன அன்றுதான் மில் ஓடத் தொடங்கியது. கூழ் சந்தனத்தின்மேல் அப்பிக்கொண்டது. பீச்சிய தண்ணீர் அசைக்கவில்லை. தொட்டி பொங்கித் தரையெல்லாம் கூழ். சூப்பர்வைசர் செல்போனில் மெக்கானிக்கிடம் கத்தினார். அவர் வர நாலு நாள் ஆகுமாம்.

"ஏம்மா, ஒங்களால முடியுமா?"

டிரம்மை நிறுத்தித் தொட்டியை வடித்ததும், வெந்நீரும் பழைய டூத்பிரஷும் எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினேன். சந்தனம் விட்டது, குங்குமம் விடவில்லை. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். அவர் இறந்த பதினாறாம் நாள் என் நெற்றியை இப்படித்தான் துடைத்தார்கள். யாருடைய நெற்றியோ என்று அன்றைக்கு உட்கார்ந்திருந்தேன். இப்போது வலித்தது. தொட்டிக்குள் குந்தி அழுதேன். தரையில் பொங்கிய கூழை இறைத்த பம்பின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

சாயங்காலம் டிரம் ஓடியது. சூப்பர்வைசர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "நீங்க இதுகிட்டயே இருந்துக்கோங்க" என்றார்.

அடுத்த வருசம் பூசைக்கு எல்லா மிசினுக்கும் பொட்டு வைத்தார்கள். டிரம்முக்கு மட்டும் வைக்கவில்லை. யாரும் கிட்டே வந்துவிடாமல் காவலுக்கு என்னை அதன் பக்கத்தில் நிறுத்தினார்கள்.